பிழைத்த பிள்ளைகளும் சமுதாயத்தின் கடனும்

மருத்துவ வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் வெற்றியோடு தம் ஏட்டை மூடிவிடுவர். ஒரு நோயின் காரணம் கண்டறியப்படுகிறது, ஒரு மருந்து உருவாகிறது, இறந்துகொண்டிருந்தோர் பிழைக்கின்றனர், அத்துடன் கதை முற்றுப்பெறுகிறது. பிழைத்தவர் அதன்பின் எவ்வாறு வாழ்ந்தார், அவருடைய உடல் அம்மருந்துக்கு என்ன விலை கொடுத்தது, அவ்விலையில் ஒரு பங்கைத் தாங்க யார் முன்வந்தனர் என்னும் வினாக்கள் ஏட்டுக்கு வெளியே நின்றுவிடுகின்றன. பிள்ளைப் பருவத்தில் புற்றுநோய்க்கு ஆளாகிக் குணமடைந்தவர்களின் வரலாறு இவ்வினாக்களையே நடுவில் நிறுத்துகிறது. ஏறக்குறைய எண்பது ஆண்டுகால வரலாறு அது. ஆசிரியர்களும் மாணவர்களுமாகிய நமக்கு அது இரு வகையில் முக்கியமானது. விஞ்ஞான அறிவு யாருடைய உடலிலிருந்து திரட்டப்படுகிறது என்பதை அது காட்டுகிறது. அவ்வாறு திரட்டிய அறிவுக்காக நாம் யாருக்குக் கடன்பட்டிருக்கிறோம் என்றும் அது கேட்கிறது.

1947 ஆம் ஆண்டுக்கு முன்னர், லியூக்கேமியா எனப்படும் வெண்குருதிப் புற்றுநோயுற்ற பிள்ளைக்கு மருத்துவர் செய்யக்கூடியது மிகச் சிறிதே. குருதியேற்றிச் சில நாள் தாங்கலாம். பின்னர்ச் சில கிழமைகளிலோ சில மாதங்களிலோ மரணம் நிச்சயம். இந்நிலையை மாற்றிய மருந்தின் ஊற்றுக்கண்ணைத் தேடிச் செல்வோமாயின், பம்பாயின் பஞ்சாலைத் தொழிலாளப் பெண்களிடம் சென்று சேர்வோம். லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் மருத்துவர் 1928 இல் இந்தியாவுக்கு வந்து, கருவுற்ற ஏழைப் பெண்களைப் பீடித்த கடுஞ்சோகையை ஆராய்ந்தார். ஊட்டமற்ற உணவே அச்சோகையின் மூலம் என்பதையும், மதுவச் சத்தாகிய மாமைற் அதனைப் போக்கும் என்பதையும் 1931 இல் அவர் வெளியிட்டார். நம் நாட்டு வீடுகளில் இன்றும் பாணில் பூசி உண்ணப்படும் அதே மாமைற்றான் அது. 1934-35 இல் இலங்கையைச் சூறையாடிய மலேரியாக் கொள்ளைநோயின்போது, சூரியமல் இயக்கத்தின் இடதுசாரி இளைஞர்கள் பட்டினியால் வாடிய கிராமங்களுக்கு எடுத்துச்சென்ற பொருள்களுள் இதுவும் ஒன்று. அதிலிருந்த மருந்துப்பொருளுக்குப் பிற்காலத்தில் போலிக் அமிலம் என்று பெயர் வழங்கலாயிற்று. குருதிக் கலங்கள் பெருகுவதற்கு இன்றியமையாத விற்றமின் அது.

போலிக் அமிலத்தையும், அதன் வேலையைத் தடுக்கும் எதிர்ப்பொருள்களையும் ஆய்வுகூடத்தில் ஆக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஆந்திர நாட்டவரான யெல்லாப்பிரகட சுப்பாராவ். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற காலத்தில் காந்தியடிகளின் அழைப்பையேற்றுக் கதராடை அணிந்தமையால், வெள்ளைக்காரப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளாகி, முழுப்பட்டம் கிடைக்காமல் குறைந்த தகுதிப் பத்திரத்துடன் வெளியேறியவர் அவர். அமெரிக்கா சென்று ஹார்வாட் பல்கலைக்கழகத்தில் உயிரிரசாயனத் துறையின் பெருங் கண்டுபிடிப்புக்களில் பங்குகொண்டும், அங்கே நிரந்தரப் பதவி மறுக்கப்பட்டது. 1940 இல் லெடர்லி என்னும் மருந்துக் கம்பனியின் ஆய்வுகூடத்தில் சேர்ந்தார். அவரது குழுவினர் ஆக்கிய அமினொப்ரரின் என்ற எதிர்ப்பொருளே பிள்ளைகளின் புற்றுநோயை முதன்முதல் அடக்கிய மருந்தாயிற்று.

அம்மருந்தைப் பயன்படுத்தியவர் பொஸ்ரன் நகரப் பிள்ளைகள் வைத்தியசாலையின் நோயியல் நிபுணரான சிட்னி பாபர். போலிக் அமிலம் கொடுக்கப்பட்ட பிள்ளைகளில் நோய் மேலும் விரைந்து பெருகியதாக அவருக்குத் தோன்றியது. அப்படியாயின் அதன் எதிர்ப்பொருள் நோயின் வேகத்தை அடக்கவேண்டுமன்றோ என்று அவர் சிந்தித்தார். 1948 ஜூன் மாதம் அவர் வெளியிட்ட அறிக்கையில் 16 பிள்ளைகளைப் பற்றிப் பேசினார். அவர்களுள் பத்துப் பேர் தேறினர். ஆனால் அத்தேறுதல் நிலைக்கவில்லை. சில மாதங்களின்பின் நோய் மீண்டது, பிள்ளைகள் இறந்தனர். சுப்பாராவ் அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் தமது 53 ஆவது வயதில் காலமானார். எனினும் மருந்தினால் இந்நோயை ஓரளவேனும் பின்வாங்கச் செய்யலாம் என்பது நிறுவப்பட்டுவிட்டது.

அக்கால மனநிலையை உணர்த்தும் ஒரு செய்தியை இங்குக் குறிப்பிடல் தகும். 1948 மே மாதம், பாபரின் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டுவதற்காகப் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனை 'ஜிம்மி' என்ற புனைபெயரால் வானொலியில் பேசச் செய்தனர். பணம் குவிந்தது, அப்பெயராலேயே ஒரு நிதியம் எழுந்தது. சிறுவனைப் பற்றிப் பின்னர் எவரும் பெரிதாகக் கேட்கவில்லை. புற்றுநோயுற்ற பிள்ளை இறந்திருப்பான் என்றே பெரும்பாலோர் எண்ணினர். ஐம்பது ஆண்டுகள் கழிந்து, 1998 இல், அவர் லொறிச் சாரதியாக உழைத்துப் பேரப்பிள்ளைகளும் கண்டு உயிருடன் இருக்கிறார் என்ற செய்தி வெளியாயிற்று. புற்றுநோயை வென்ற பிள்ளை வளர்ந்து மனிதனாவான் என்பதை எதிர்பார்க்கவே அன்றைய சமுதாயம் பழகியிருக்கவில்லை. எதிர்பார்க்காத ஒன்றுக்கு எவரும் ஆயத்தம் செய்வதில்லை.

ஆயினும் பிள்ளைகள் பிழைக்கத் தொடங்கினர். ஒரு மருந்தை வெல்லும் நோயை நான்கு மருந்துகளால் ஒருசேரத் தாக்கலாம் என்ற எண்ணம் 1960 களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் செயற்படுத்தப்பட்டது. அந்நான்கில் ஒன்றாகிய வின்கிறிஸ்ரின், நம் ஊர்களின் வேலியோரங்களில் பூக்கும் பட்டிப்பூச் செடியிலிருந்து பெறப்படுவது. தமிழகத்தார் அதனை நித்தியகல்யாணி என்பர். 1962 இல் மெம்பிஸ் நகரில் சென் ஜூட் என்னும் பிள்ளைகள் வைத்தியசாலை திறக்கப்பட்டது. கறுப்பரையும் வெள்ளையரையும் பிரித்துவைத்த அந்நகரில், எல்லா நிறத்துப் பிள்ளைகளும் ஒரே விடுதியில் ஒரே சிகிச்சையைக் கட்டணமின்றிப் பெறவேண்டும் என்ற கொள்கையோடு அது இயங்கியது. அதன் முதற் பணிப்பாளர் டொனல்ட் பிங்கல்.

பிங்கலும் அவர் தோழர்களும் கண்ட உண்மை ஒன்றுண்டு. குருதியில் அழிக்கப்பட்ட நோய் மூளையைச் சூழ்ந்த பகுதியில் ஒளிந்திருந்து மீண்டும் எழுகிறது; உடலிற் செலுத்தும் மருந்துகள் அங்கே போதிய அளவிற் சென்று சேர்வதில்லை. ஆகவே பிள்ளையின் தலைக்கு 2,400 றாட் அளவான கதிர்வீச்சைச் செலுத்தி, முள்ளந்தண்டு நீரினுள் மெதொத்திரெக்சேற் என்னும் மருந்தையும் செலுத்தினர். 1967 இல் தொடங்கிய அவர்களது ஐந்தாவது சிகிச்சைத் திட்டத்தில் சேர்க்கப்பட்ட பிள்ளைகளில் ஏறக்குறைய அரைவாசிப் பேர் நிலையாகக் குணமடைந்தனர். 1962 இல் நூற்றுக்கு நான்கு பேரே பிழைத்த நோய் இது என்பதை நினைவிற்கொண்டால் இவ்வெற்றியின் பருமன் விளங்கும். எவரும் அதனைக் குறைத்து மதிப்பிட முடியாது. பின்னால் நாம் கூறப்போவன யாவும் இவ்வெற்றியின் மறுபக்கம் என்பதை வாசகர் மறத்தலாகாது.

மறுபக்கம் ஏன் உண்டாயிற்று? புற்றுநோய்க் கலத்தின் இயல்பு இடைவிடாது பெருகுதல். மருந்தும் கதிரும் பெருகும் கலங்களைக் கொல்கின்றன. வளரும் பிள்ளையின் உடலிலோ எலும்பும் மூளையும் சுரப்பிகளும் பிறவும் வளர்ந்துகொண்டும் முதிர்ந்துகொண்டும் இருக்கின்றன. பகைவனை நோக்கி எறிந்த வேல் வீட்டாரையும் தைக்கிறது. முதியவர் ஒருவரின் உடல் ஏலவே கட்டிமுடிக்கப்பட்ட மாளிகை. பிள்ளையின் உடல் இன்னும் எழும்பிக்கொண்டிருக்கும் சுவர். கட்டும்போது விழுந்த விரிசல் கூரை ஏறிய பின்னரே வெளித்தெரிகிறது. பத்து, இருபது, முப்பது ஆண்டுகள் கழிந்து தோன்றும் இவ்விளைவுகளை மருத்துவர் 'பிற்கால விளைவுகள்' என்பர்.

எச்சரிக்கை முன்னரே கிடைத்திருந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், கைக்குழந்தைகளின் நெஞ்சிலுள்ள தைமசுச் சுரப்பி 'பெருத்துள்ளது' என்று தவறாகக் கருதி, அதனைச் சுருக்குவதற்கு எக்ஸ் கதிர் செலுத்தும் வழக்கம் அமெரிக்காவில் நிலவியது. 1950 இல் நியூயோர்க் மருத்துவர் இருவர், தைரொயிட் புற்றுநோயுற்ற பிள்ளைகளின் பழைய குறிப்பேடுகளைப் புரட்டியபோது, அவர்களுள் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினர் குழந்தைப் பருவத்தில் இக்கதிருக்கு உட்பட்டோர் எனக் கண்டனர். சிறுநீரகத்தில் எழும் வில்ம்ஸ் கட்டிக்காக வயிற்றின் ஒரு பக்கத்துக்குக் கதிர்வீச்சுப் பெற்ற பிள்ளைகளில், அப்பக்கத்து எலும்பும் தசையும் வளராமல் நின்று, முதுகு கோணியதையும் மருத்துவர் கண்டனர். இக்கட்டியின் சிகிச்சையில் முன்னின்ற ஜூலியோ டாஞ்சியோ, குணப்படுத்தல் மட்டும் போதாது என்பதையே தலைப்பாகக்கொண்டு 1975 இல் ஒரு கட்டுரை எழுதினார். அத்தலைப்பு ஒரு தலைமுறை மருத்துவரின் முழக்கமாயிற்று.

இவ்விளைவுகளுள் ஆசிரியர்களாகிய நமக்கு மிக நெருங்கியது மூளைக்கு நேர்ந்த ஊறு. தலைக்குக் கதிர்வீச்சுப் பெற்ற பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பினர், தலைமயிர் முளைத்தது, முகம் மலர்ந்தது, பெற்றோர் நிம்மதி கொண்டனர். ஆனால் ஓரிரு ஆண்டுகளில் அவர்களுட் பலர் வகுப்பிற் பின்தங்கினர். கற்றதை அவர்கள் இழந்துவிடவில்லை. புதியதைக் கற்கும் வேகம் குறைந்தது. கவனத்தை நிறுத்துதல், மனக்கணக்குச் செய்தல், கரும்பலகையிலுள்ளதை நேரத்துக்குள் எழுதிமுடித்தல் ஆகியன கடினமாயின. மிக இளவயதிற் கதிர்பெற்ற பிள்ளைகளிடம் இக்குறை மிகுதியாயிருந்தது என்பதை 1970 களின் பிற்பகுதி தொட்டு நடந்த ஆய்வுகள் காட்டின. கபச்சுரப்பியும் தாக்கப்பட்டமையால் வளர்ச்சி ஓமோன் குறைந்து, சிலர் உயரம் குன்றினர். இத்தகைய பிள்ளையைச் 'சோம்பேறி' என்றோ 'மந்தபுத்தி' என்றோ அழைக்கும் வகுப்பறை, நோய் விட்டுச்சென்ற காயத்தின்மேல் இன்னொரு காயத்தை ஏற்படுத்துகிறது.

அடுத்து இதயம். டொக்சொரூபிசின் என்பது மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து பெறப்பட்ட வலிமைமிக்க மருந்து. பல உயிர்களைக் காத்த அதே மருந்து இதயத் தசையை மெலியச் செய்கிறது. 1991 இல் பொஸ்ரன் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வொன்றில், இம்மருந்தைப் பெற்றுக் குணமடைந்த 115 பேர் பரிசோதிக்கப்பட்டனர். அவர்களுள் நூற்றுக்கு 57 பேருக்கு இதயத்தின் இயக்கத்தில் குறை காணப்பட்டது. நிணநீர்ப் புற்றுநோய்க்காக நெஞ்சிற் கதிர்வீச்சுப் பெற்ற சிறுமியர் வளர்ந்து முப்பது, நாற்பது வயதை எட்டும்போது மார்புப் புற்றுநோய்க்கு ஆளாகும் வாய்ப்பு மிகுந்திருந்தது. சிஸ்பிளாற்றின் என்ற மருந்து செவியைக் கெடுத்தது. வேறு சில மருந்துகள் மகப்பேற்றுக்குரிய ஆற்றலைக் குறைத்தன. ஒரு புற்றுநோயை ஒழித்த சிகிச்சையே சிலரில் இன்னொரு புற்றுநோய்க்கு வித்திட்டது.

இவ்வாறு சிதறிக் கிடந்த செய்திகளை ஒன்றுதிரட்டும் பெருமுயற்சி 1994 இல் தொடங்கியது. அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள 26 வைத்தியசாலைகளில் 1970 க்கும் 1986 க்கும் இடையில் நோய் கண்டறியப்பட்டு, ஐந்து ஆண்டுகளுக்கு மேல் உயிர்வாழ்ந்தோர் தேடிக் கண்டுபிடிக்கப்பட்டனர். ஒப்புநோக்குவதற்காக அவர்களின் சகோதரருள் ஒரு பகுதியினரும் சேர்க்கப்பட்டனர். 2006 இல் அதன் முக்கிய முடிவு வெளியாயிற்று. 10,397 பேரில் நூற்றுக்கு 62 பேருக்கு ஏதேனுமொரு நீடித்த நோய் இருந்தது. நூற்றுக்கு 27 பேருக்கு அது கடுமையானதாகவோ உயிராபத்தானதாகவோ இருந்தது. கடும் நோய்க்கு ஆளாகும் வாய்ப்பு, அவர்களுடன் பிறந்தோரைவிட அவர்களுக்கு எட்டு மடங்கு மிகுதி. இவர்களின் சராசரி வயது முப்பதைக்கூட எட்டவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

இவ்வெண்களைக் கண்டு, சிகிச்சையே வேண்டாம் என்று முடிவுகட்டுவோர் வரலாற்றை அரைகுறையாகப் படிப்போரே. சிகிச்சையின்றேல் இப்பிள்ளைகள் இறந்திருப்பர். வரலாறு காட்டும் பாடம் வேறு. பழைய நோயாளரைத் தொடர்ந்து கணக்கெடுத்தமையாற்றான் புதிய நோயாளரின் சிகிச்சை திருந்தியது. தலைக்குக் கொடுத்த கதிர் முதலில் 1,800 றாட்டாகக் குறைக்கப்பட்டது. பின்னர்ப் பெரும்பாலான பிள்ளைகளுக்கு நீக்கப்பட்டது. சென் ஜூட் மருத்துவர்கள் 2009 இல் வெளியிட்ட ஆய்வு, நோய் மூளைக்குப் பரவாது தடுப்பதற்கெனத் தலைக்குக் கதிர் செலுத்தும் முறையை முற்றாகக் கைவிட்டு, மருந்துகளைத் திருத்தமாகப் பயன்படுத்தியே நோயை வெல்லலாம் என்று காட்டிற்று. வில்ம்ஸ் கட்டியுற்ற பிள்ளைகள் பலருக்குக் கதிர்வீச்சே தேவையற்றதாயிற்று. டொக்சொரூபிசினின் அளவுக்கு எல்லை வகுக்கப்பட்டது. 2016 இல் 34,033 பேரை ஆராய்ந்தோர், நோய் கண்டறியப்பட்டுப் பதினைந்து ஆண்டுகளுக்குள் சிகிச்சையின் பிற்கால விளைவு போன்ற உடல்நலக் காரணங்களால் இறப்போர், 1970 களின் தொடக்கத்தில் நூற்றுக்கு 3.5 பேராக இருந்து, 1990 களில் 2.1 பேராகக் குறைந்தனர் எனக் கண்டனர்.

இங்கேதான் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். 1,800 றாட் போதும் என்பதை உலகம் எவ்வாறு அறிந்தது? 2,400 றாட் பெற்ற பிள்ளைகள் பின்தங்கியதைக் கண்டு அறிந்தது. மருந்தின் எல்லை எவ்வாறு தெரிந்தது? எல்லையைக் கடந்த பிள்ளைகளின் இதயம் தளர்ந்ததைக் கண்டு தெரிந்தது. இன்று மெதுவான சிகிச்சையுடன் குணமடையும் ஒவ்வொரு பிள்ளையும், 1960 களிலும் 1970 களிலும் கடுஞ்சிகிச்சையைத் தாங்கிய பிள்ளைகளின் உடலில் எழுதப்பட்ட பாடத்தின் பயனை நுகர்கிறது. அப்பிள்ளைகள் இப்பணிக்குத் தாமாக முன்வந்தோரல்லர். வேறு வழியின்றி, உயிர் பிழைப்பதற்காக, அறியாமலே பிறருக்கு ஆசிரியராயினோர். அவர்களிற் பலர் இன்று ஐம்பதும் அறுபதும் வயது நிரம்பியவர்கள்.

அவர்களுக்குச் சமுதாயம் செய்த கைம்மாறு யாது? உலகின் மிகச் செல்வம்படைத்த நாட்டில், பிள்ளைப் பருவத்தில் புற்றுநோயுற்றமையே ஒரு குற்றம்போல அவர்களைத் தொடர்ந்தது. மருத்துவம் விற்பனைப் பண்டமாயுள்ள அமெரிக்காவில், தனிப்பட்ட முறையில் காப்புறுதி தேடியோரை, 'முன்னரே நோயுற்றவர்' என்று கூறிக் கம்பனிகள் மறுக்க இடமிருந்தது. இதயத்தை ஆண்டுதோறும் பரிசோதிக்க வேண்டியவருக்கே பரிசோதனைக்கு வழியில்லாமற் போயிற்று. 2010 இல் இயற்றப்பட்டு 2014 இல் முழு நடைமுறைக்கு வந்த சட்டமே இம்மறுப்புக்குத் தடைவிதித்தது. பிரான்சில் 2016 ஆம் ஆண்டுச் சட்டம், குறிப்பிட்ட காலம் கடந்தபின் பழைய புற்றுநோயைக் கடன்காப்புறுதி நிறுவனங்களுக்கு வெளிப்படுத்தாதிருக்கும் உரிமையை வழங்கியது. 2022 இல் அக்காலம், சிகிச்சை முடிந்து ஐந்து ஆண்டுகள் என எல்லோருக்கும் பொதுவாகக் குறைக்கப்பட்டது. வீடு வாங்கக் கடன் கேட்கும் நாற்பது வயது மனிதரிடம், ஐந்து வயதில் அவருக்கு வந்த நோயைக் காட்டி மிகுபணம் கேட்கும் வழக்கத்தைச் சட்டத்தால் தடுக்க வேண்டியிருந்ததென்றால், இலாபத்தின் கணக்கேடு எத்துணை நீண்ட நினைவாற்றல் உடையது என்பது புலனாகும்.

உலகம் முழுவதையும் நோக்கினால் ஏற்றத்தாழ்வு இன்னும் கொடியது. ஆண்டுதோறும் ஏறக்குறைய 4 இலட்சம் பிள்ளைகளும் இளைஞரும் புற்றுநோய்க்கு ஆளாகின்றனர் என உலக சுகாதார நிறுவனம் கணிக்கிறது. செல்வ நாடுகளில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டோர் குணமடைகின்றனர். வறிய நாடுகளில் முப்பதுக்கும் குறைவானோரே குணமடைகின்றனர். 2030 க்குள் குறைந்தது அறுபது பேரையேனும் காப்பது என்ற இலக்கை அந்நிறுவனம் 2018 இல் வகுத்தது. அவ்விலக்கு எய்தப்படுமாயின், ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் ஒரு புதிய மக்கட்கூட்டம் தோன்றும். பம்பாயின் தொழிலாளப் பெண்களிடம் தொடங்கிய அறிவு, அவர்களையொத்த ஏழைகளின் பிள்ளைகளுக்கு இவ்வளவு பிந்தியாவது வந்துசேரும். அப்போது பொஸ்ரனும் மெம்பிசும் விட்ட அதே குறையை நாமும் விடலாகாது. பிழைக்கவைத்துவிட்டு மறந்துவிடுதலே அக்குறை.

நம் நாட்டில் இலவச வைத்தியம் என்ற உரிமை இருப்பதால், மஹரகம அபேக்ஷா வைத்தியசாலையில் ஏழைத் தொழிலாளியின் பிள்ளையும் புற்றுநோய்ச் சிகிச்சையைக் கட்டணமின்றிப் பெறமுடிகிறது. போராடிப் பெற்ற இவ்வுரிமை எத்துணை எளிதில் ஆட்டங்காணும் என்பதை, 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் புற்றுநோய் மருந்துகளுக்கும் ஏற்பட்ட தட்டுப்பாடு உணர்த்தியது. இவ்வுரிமையைக் காப்பதோடு அதனை நீட்டவும் வேண்டும். சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும், எந்த மருந்து எவ்வளவு கொடுக்கப்பட்டது, எவ்விடத்திற் கதிர் செலுத்தப்பட்டது, எந்த வயதில் எதனைப் பரிசோதிக்க வேண்டும் என்பன தாய்மொழியில் எழுதப்பட்ட ஒரு பத்திரம் இருத்தல் வேண்டும். முப்பது ஆண்டுகள் கழிந்து, வேறோர் ஊரில், வேறொரு வைத்தியர் முன் அமரும்போது அப்பத்திரமே அம்மனிதருக்காகப் பேசும். பிள்ளைகள் பிரிவில் வளர்ந்தவரைப் பெரியோர் பிரிவு பொறுப்பேற்கும் ஒழுங்கும் வேண்டும்.

ஆசிரியர் செய்யக்கூடியதும் உண்டு. நோயிலிருந்து மீண்டு வகுப்புக்கு வந்த பிள்ளை பரீட்சையில் நேரம் போதாமல் தவித்தால், மேலதிக நேரம் கேட்டு அதிபரிடமும் கல்வி அலுவலகத்திடமும் வாதாடலாம். செவிக்குறை உள்ள பிள்ளையை முன்வரிசையில் இருத்தலாம். மைதானத்தில் மூச்சிரைக்கும் மாணவனைக் கேலிக்கு ஆளாக்காமல், அவனுடைய பெற்றோரிடம் வைத்தியப் பரிசோதனையைப் பற்றி நினைவூட்டலாம். புற்றுநோய் தொற்றும் என்று அஞ்சி விலகும் அயலாரிடம் உண்மையை எடுத்துரைக்கலாம். இவை கருணையின்பாற்பட்ட செயல்கள் என்று கொள்ளவேண்டியதில்லை. முன்னோர் பட்ட துன்பத்தால் நமக்குக் கிடைத்த அறிவுக்கு நாம் செலுத்தும் கடனின் ஒரு பகுதி என்றே கொள்ளல் தகும். எஞ்சிய பகுதியைச் செலுத்த வேண்டியது அரசு. அதனைக் கேட்டுப் பெறும் பொறுப்பு நம்முடையது.